எந்தச் சுவருக்கு எந்தப் பளபளப்பு? பெயிண்ட் அடிக்குமுன் எழுதி வாங்குங்கள்

தீபாவளி நெருங்கி, சிராங்கூன் ரோட்டில் விளக்கலங்காரம் ஏறுகிற நாள்களில் வீடுகளில் பெயிண்ட் வேலையும் தொடங்கிவிடும். வண்ண அட்டையை விரித்து வைத்துக்கொண்டு நிறத்துக்காகக் குடும்பமே மல்லுக்கட்டும். பூச்சு மேட்டா, சாட்டினா, செமி கிளாஸா என்று மட்டும் கேட்க மறந்துவிடுவோம். குத்தகையாளர் தரும் விலைப்பட்டியலில் அறைக் கணக்கும் நிறமும் தொகையும் இருக்கும். பளபளப்பு பற்றி ஒரு வரி இருக்காது. பின்னால் தகராறு வந்தால் நம் கை வெறுங்கையாக நிற்பது அந்த ஒரு வரி இல்லாததால்தான்.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

பெயிண்டில் நிறமித் துகளும் அதைப் பிடித்துவைக்கும் பிசினும் உண்டு. பிசின் கூடினால் காய்ந்த பரப்பு வழவழப்பாகி ஒளியைத் திருப்பியடிக்கும். கறை உள்ளே இறங்காது. துகள் கூடினால் பரப்பு நுண்ணிய சொரசொரப்போடு நின்று ஒளியைச் சிதறடிக்கும். சுவரின் மேடுபள்ளம் மறையும், ஆனால் எண்ணெயை உறிஞ்சும். மேட், எக்‌ஷெல், சாட்டின், செமி கிளாஸ், கிளாஸ் என்று மினுக்கம் படிப்படியாக ஏறும். ஒரு நிறுவனத்தின் சாட்டின் இன்னொன்றின் செமி கிளாஸ் போலத் தெரியலாம். அதனால் பெயரை மட்டும் நம்பாமல், இரண்டடிச் சதுரம் அடித்துக் காயவிட்டு, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள்.

அறைக்கு அறை

சமையலறை: தாளிக்கும்போது கடுகோடு தெறிக்கும் எண்ணெய் அடுப்புப் பக்கச் சுவரில் மஞ்சள் புள்ளிகளாக உட்காரும். மேட் சுவராக இருந்தால் ஈரத்துணியால் தேய்த்தாலும் கறை முழுதாகப் போகாது. தேய்த்த இடம் வேறு மினுங்கித் தனியாகத் தெரியும். இங்கே செமி கிளாஸ் நல்லது. விளக்குப் புகைக்கரி படியும் சாமி மேடைப் பின்சுவருக்கும், பிள்ளைகள் கைவைக்கும் இடங்களுக்கும் சாட்டின் போதும்.

வரவேற்பறை: கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பூச்சின் அலைகள் நிழலாக எழுந்தால் பளபளப்பைக் குறையுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நீளச் சுவருக்கும் கூரைக்கும் மேட் அல்லது எக்‌ஷெல் பொருந்தும்.

குளியலறை: சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். கிளாஸ் அடித்தால் பூஞ்சையைத் துடைப்பது சுலபம், அவ்வளவுதான்; பூஞ்சை வராமல் அது தடுக்காது. பூஞ்சைத் தடுப்புப் பெயிண்டும் காற்றோட்டமும் வேண்டும். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் ஈரம் ஊறும் செங்கல் சுவருக்குக் கனத்த கிளாஸ் அடித்தால், வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சைக் கொப்புளமாகத் தள்ளி உரித்துவிடும்.

கறைமேல் பூசாதீர்கள்

கூரையில் நீர்க்கறை தெரிந்தால் முதலில் படமெடுத்துப் புகார் செய்யுங்கள். மேல்வீட்டிலிருந்து கசிவு என்றால், தகுதியுள்ளோருக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் பாதிச் செலவைக் கழகம் ஏற்கும். மீதியை மேல்வீடும் கீழ்வீடும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். வீவகவின் புது பிடிஓ (தேவைக்கேற்பக் கட்டப்படும்) வீட்டில் சாவி வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு குறைதீர்ப்புக் காலம் உண்டு. கூரைக் கசிவுக்கு 5 ஆண்டு உத்தரவாதம். குறைகளை முதல் மாதத்திலேயே தெரிவித்து, சரிசெய்த பிறகே பெயிண்ட் அடியுங்கள். முன்னதாக அடித்துவிட்டால் விரிசலோடு சான்றும் மறைந்துபோகும்.

உடல்நலமும் கவனம். 2026 ஜனவரி 1 முதல், வீட்டின் உட்புறப் பெயிண்டில் ஃபார்மல்டிஹைடு 0.01 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது தேசிய சுற்றுப்புற வாரியத்தின் விதி. கதவுக்கும் கம்பிக்கும் கிளாஸ் கேட்டால் எண்ணெய்ப் பெயிண்டைக் கொண்டுவரக்கூடும். நீரில் கரையும் வகையிலும் கிளாஸ் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். பழைய எண்ணெய்ப் பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள்

வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் பெயிண்ட் அடிக்க வேண்டாம். காலி செய்யும்போது மேட் சுவரில் சாட்டினால் ஒட்டுப்போட்டால், நிறம் ஒன்றானாலும் திட்டுத் தெரியும். வைப்புத்தொகையில் கைவைக்க அது போதும். குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும் படமெடுங்கள். அடித்த பெயிண்ட் எது என்று கேட்டுக் குறித்துவையுங்கள்.

விலைப்பட்டியலில் இருக்கவேண்டியவை

ஒவ்வொரு அறைக்கும் நிறுவனம், பெயிண்டின் பெயர், நிற எண், பளபளப்பு, சீலர் உண்டா இல்லையா, எத்தனை கோட்டு. முன்பணத்தைக் குறைவாகக் கொடுங்கள். மீதியை வேலையின் கட்டங்களோடு கட்டிவையுங்கள். டின்கள் சீல் உடையாமல் வந்தனவா என்று பார்த்து, லேபிளைப் படமெடுங்கள். சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற புதுப்பிப்பு நிறுவனங்கள் முன்பணத்துக்குப் பாதுகாப்பு தரவேண்டும்.

ஏமாந்தால்

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, சரிசெய்யத் தேதி குறியுங்கள். பெயிண்டே குறையுடையது என்றால், 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் கைகொடுக்கும்: வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். ஆனால் அது பொருளுக்குத்தான். மோசமாகப் பூசிய வேலைக்கு ஒப்பந்தமே ஆதாரம்.

சமரசத்துக்குச் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இருதரப்பும் ஒப்பினால் 30,000 வெள்ளி வரை கோரலாம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் இணையம்வழி மனுப்போட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தத் தகராறும் இங்கு வரும். வழக்கறிஞர் வைக்க முடியாது, உங்கள் வழக்கை நீங்கள்தான் சொல்லவேண்டும். அங்கே “சாட்டின் என்றுதான் பேசினோம்” என்பதை நிரூபிப்பது கடினம்; “சமையலறை: செமி கிளாஸ், இரண்டு கோட்டு” என்று கையெழுத்தோடு இருக்கும் தாளை நீட்டுவது எளிது.