நான்காம் பிரிவிலிருந்து நாட்டின் அணிக்கு

தமிழ்நாட்டுக் கிரிக்கெட் வீரர் ஒருவர் இந்திய அணியை எட்டும் பாதை பல படிகளைக் கொண்டது. ஆவடி இளைஞராயினும் சேலத்துச் சிற்றூர் இளைஞராயினும், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் சென்னை லீக் போட்டிகளில் கீழ்ப்பிரிவிலிருந்து மேலேறுவது வழக்கமான வழியாகும்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் 1991இல் பிறந்த த. நடராஜன் விசைத்தறித் தொழிலாளியின் மகன். இளமையில் டென்னிஸ் பந்தில் ஆடிவந்த அவர், சென்னையில் நான்காம் பிரிவில் தொடங்கி முதற்பிரிவை அடைந்தார். 2015 சனவரியில் ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் தமிழ்நாட்டு அணிக்காகக் களமிறங்கினார்.

அப்போது, அவரது பந்துவீச்சு முறை விதிக்கு உட்பட்டதா என்னும் ஐயம் எழுந்தது. பந்து வீசுகையில் முழங்கை 15 பாகைக்கு மேல் நீளுதல் விதிமீறலாகும். எனவே, பயிற்சியாளர்களின் துணையுடன் தம் வீச்சு முறையை அடிப்படையிலிருந்தே திருத்திக்கொண்டார். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில், மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கர் பந்துகளால் கவனம் பெற்றார். அடுத்த ஆண்டே இந்தியன் பிரீமியர் லீக்கில் இடம்பெற்றார்.

2020–21 ஆஸ்திரேலியப் பயணத்திற்கு முதலில் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகவே தேர்வானார். ஆயினும், ஒரே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்னும் பெருமையை எய்தினார். தாம் ஏறிவந்த படிகளில் பிறரும் ஏறுமாறு, 2023இல் சின்னப்பம்பட்டியிலேயே கிரிக்கெட் திடல் ஒன்றை அமைத்தார்.