சுவிட்சர்லாந்தின் சரக்குப் போக்குவரத்து இடமாற்றக் கொள்கை

சுவிட்சர்லாந்தின் சரக்குப் போக்குவரத்து இடமாற்றக் கொள்கை என்பது, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து செல்லும் சரக்குகளைச் சாலையிலிருந்து ரயிலுக்கு மாற்றுவதற்காக அந்நாட்டு அரசு 1990களில் இருந்து நடைமுறைப்படுத்தி வரும் சட்டங்கள், வரிகள், கட்டுமானங்கள், மானியங்கள் ஆகியவற்றின் தொகுப்பாகும். ரயில் சரக்குப் போக்குவரத்துக்கு ஊக்கம் அளிக்கும் நாடுகள் பல உண்டு. ஆனால் அந்த நோக்கத்தை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்து, ஆண்டுக்கு இத்தனை லாரிகள்தான் மலையைக் கடக்கலாம் என்று இலக்கும் வகுத்த நாடு இது.

பின்னணி

இத்தாலியின் வடபகுதித் தொழில் நகரங்களுக்கும் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் தொழிற்சாலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் இடையே மிகக் குறுகிய வழி சுவிட்சர்லாந்தின் ஊடாகவே செல்கிறது. கோத்தார்டு மலையில் 15 கி.மீ. நீள ரயில் சுரங்கப்பாதை 1882இல் திறக்கப்பட்டதிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுகள் இந்தச் சரக்கின் பெரும்பகுதி ரயிலில்தான் சென்றது. 1980இல் அதே மலையில் 16.9 கி.மீ. நீளச் சாலைச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. 1980களின் தொடக்கத்தில் சுவிஸ் ஆல்ப்ஸைக் கடந்த லாரிகள் ஆண்டுக்குச் சுமார் மூன்று லட்சம். 2000ஆம் ஆண்டில் அவை 14 லட்சம் ஆயின.

இந்தச் சுமையைத் தாங்கியவர்கள் ஊரி, டிச்சீனோ போன்ற மலை மாநிலங்களின் மக்கள். குறுகிய பள்ளத்தாக்குகளில் குளிர்காலத்தில் வெப்பக் காற்று மேலே மூடிபோல் நின்றுவிடுவதால் வாகனப் புகை கீழேயே தங்குகிறது. இரைச்சலும் இரு பக்க மலைச்சரிவுகளில் மோதி மேலே ஏறுகிறது. சமவெளியில் ஓடும் ஒரு லாரியைவிட இங்கே ஓடும் லாரி அதிகத் தீங்கு செய்வது இதனால்தான்.

1994 வாக்கெடுப்பு

மலைப்பகுதி மக்கள் தொடங்கிய 'ஆல்ப்ஸ் முன்முயற்சி' என்னும் இயக்கம் கையெழுத்துத் திரட்டி, அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டு வந்தது. அரசும் நாடாளுமன்றமும் அதை நிராகரிக்குமாறு பரிந்துரைத்தன. இருந்தும் 1994 பிப்ரவரி 20 அன்று 51.9 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தனர். எல்லையிலிருந்து எல்லைக்குச் செல்லும் கடப்புச் சரக்கு ரயிலில் செல்ல வேண்டும், ஆல்ப்ஸ் பகுதியில் கடப்புச் சாலைகளின் கொள்ளளவைக் கூட்டக்கூடாது என்ற இரு கட்டளைகளும் இவ்வாறு அரசியலமைப்பில் இடம் பெற்றன. இன்றைய அரசியலமைப்பில் இது 84ஆம் பிரிவு.

கட்டளை எழுதுவது எளிது. லாரி உரிமையாளர் ரயிலைத் தேர்ந்தெடுக்கச் செய்ய அரசிடம் மூன்று கருவிகள் இருந்தன: சாலைக்கு விலை வைத்தல், ரயில் பாதையைச் சீராக்குதல், இடைப்பட்ட காலத்தில் நட்டத்தை ஈடுகட்டுதல்.

லாரி வரி

1998 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 57 விழுக்காட்டினர் ஒப்புதல் அளித்த கனரக வாகனக் கட்டணம் 2001 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு சரக்கு வாகனமும், உள்நாட்டு வண்டியோ வெளிநாட்டு வண்டியோ, நாட்டின் எந்தச் சாலையில் ஓடினாலும் இதைச் செலுத்த வேண்டும். ஓடிய தூரம், வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, இயந்திரத்தின் புகைத் தரம் ஆகிய மூன்றையும் பெருக்கித் தொகை கணக்கிடப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: 2021இல் மிகத் தூய்மையான டீசல் வகுப்புக்கான கட்டணம் ஒரு டன் கி.மீ.க்கு 2.28 சென்டீம். வடக்கெல்லையில் உள்ள பாசல் நகரிலிருந்து தெற்கெல்லையில் உள்ள கியாசோ வரை ஏறத்தாழ 300 கி.மீ. 40 டன் லாரி ஒன்று இதைக் கடக்கச் சுமார் 273 பிராங்க் செலுத்த வேண்டும். எடை என்பது ஏற்றிய எடை அன்று, அனுமதிக்கப்பட்ட எடை என்பதைக் கவனிக்க வேண்டும். காலியாகத் திரும்பும் வண்டிக்கும் அதே கட்டணம்தான். ஆகவே வெறும் வண்டியை ஓட்டுவது நட்டமாகிறது. திரும்பும்போதும் சரக்குத் தேடும் பழக்கம் வளர்கிறது.

இந்தக் கட்டணத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் இசைவு எளிதில் கிடைக்கவில்லை. அதுவரை சுவிட்சர்லாந்தில் 28 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு அனுமதி இல்லை. அதனால் பல லாரிகள் பிரான்ஸ், ஆஸ்திரியா வழியாகச் சுற்றிச் சென்றன. 1999இல் கையெழுத்தான தரைவழிப் போக்குவரத்து ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஒரு பேரத்துக்கு வந்தன. சுவிட்சர்லாந்து எடை வரம்பை 2001இல் 34 டன்னாகவும் 2005இல் 40 டன்னாகவும் உயர்த்தும். பதிலுக்கு ஒன்றியம் கட்டணத்தை ஏற்கும்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 150 கோடி பிராங்க் இதனால் கிடைக்கிறது. மூன்றில் ஒரு பங்கு மாநிலங்களுக்கும் எஞ்சியது நடுவண் அரசுக்கும் செல்கிறது. நடுவண் அரசின் பங்கில் பெரும்பகுதி ரயில் கட்டுமானத்துக்கே ஒதுக்கப்படுகிறது. சாலையில் வசூலித்த பணம் தண்டவாளத்துக்குப் போகிறது என்பதே இந்தக் கொள்கையின் நிதி அடிப்படை.

மலையைத் துளைத்தல்

பழைய கோத்தார்டு ரயில் பாதை 1,151 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. அதன் சரிவு ஏறத்தாழ 37க்கு 1. அதாவது 37 மீட்டர் செல்கையில் ஒரு மீட்டர் ஏற்றம். (நீலகிரி மலை ரயிலின் 12க்கு 1 என்ற சரிவோடு ஒப்பிட்டால் இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அங்கே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்ட பல்சக்கர எஞ்சின்கள் சில பெட்டிகளை மட்டுமே தள்ளிச் செல்கின்றன. இங்கே ஏற வேண்டியவை ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட சரக்கு ரயில்கள்.) கனமான ரயிலுக்கு இரண்டு மூன்று எஞ்சின்கள் தேவைப்பட்டன, அவற்றைச் சேர்க்கவும் பிரிக்கவும் நேரமும் ஆட்களும் வேண்டும்.

மலையை ஏறாமல் அதன் அடிவாரத்திலேயே துளைத்துச் செல்லும் திட்டத்துக்கு 1992இல் மக்கள் ஒப்புதல் அளித்தனர். லோட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கப்பாதை (34.6 கி.மீ.) 2007இலும், உலகின் மிக நீளமான ரயில் சுரங்கப்பாதையான கோத்தார்டு (57 கி.மீ.) 2016 ஜூன் 1 அன்றும், செனேரி (15.4 கி.மீ.) 2020இலும் திறக்கப்பட்டன. கோத்தார்டுக்கு மட்டும் சுமார் 1,220 கோடி பிராங்க் செலவானது. புதிய பாதையின் மிக உயர்ந்த இடம் 550 மீட்டர் மட்டுமே. இதனால் நீளமான, கனமான ரயில்களைக் குறைந்த எஞ்சின்களால் இழுக்க முடிகிறது.

சுரங்கம் மட்டும் போதவில்லை. நான்கு மீட்டர் உயர மூலைகள் கொண்ட அரை டிரெய்லர்கள் ஐரோப்பியச் சாலைகளில் பெருகிவிட்டன. அவற்றை ரயில் தட்டில் ஏற்றினால் பழைய சிறு சுரங்கங்களின் கூரை இடித்தது. ஆகவே பாசலிலிருந்து இத்தாலி வரை வழியெங்கும் சுரங்கங்களும் மேம்பாலங்களும் திருத்தப்பட்டன. இத்தாலியின் லுயீனோ வழித்தடத்தைத் திருத்தச் சுவிஸ் அரசே 12 கோடி யூரோ கொடுத்தது. அண்டை நாட்டின் பாதைக்கு உள்நாட்டு வரிப்பணமா என்ற கேள்வி எழலாம். ஆனால் எல்லைக்கு அப்பால் பாதை அடைபட்டிருந்தால் இப்பால் கட்டிய சுரங்கத்துக்குப் பயன் இல்லை.

உமிழ்வு எவ்வளவு குறைகிறது?

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது ஏற்படும் உராய்வு, ரப்பர் டயர் தார்ச்சாலையில் உருளும்போது ஏற்படுவதைவிடப் பல மடங்கு குறைவு. ரயில் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதால் காற்றின் எதிர்ப்பும் பங்கிடப்படுகிறது. ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை 2018ஆம் ஆண்டுக்குச் செய்த கணக்கின்படி, ஒரு டன் சரக்கை ஒரு கி.மீ. கொண்டு செல்ல கனரக லாரி 137 கிராம் பசுங்குடில் வாயுக்களை வெளியிடுகிறது. ரயில் 24 கிராம். 20 டன் சரக்கு 300 கி.மீ. சென்றால் லாரியில் 822 கிலோ, ரயிலில் 144 கிலோ.

இவை ஒன்றிய நாடுகளின் சராசரி. சுவிட்சர்லாந்தில் இடைவெளி இதைவிடப் பெரிது. முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமல் திண்டாடிய அந்நாடு தன் ரயில்களை மின்மயமாக்கத் தொடங்கியது. கோத்தார்டு பாதை 1922க்குள் மின்மயமானது. இன்று கூட்டாட்சி ரயில்வே பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர்மின்சாரம். ஆனால் கொள்கலனை ரயில் முனையத்துக்குக் கொண்டு வரவும் அங்கிருந்து எடுத்துச் செல்லவும் லாரியே வேண்டும். பாரந்தூக்கியால் ஏற்றி இறக்கவும் செலவும் நேரமும் ஆகும். தூரம் குறைந்தால் ரயிலின் ஆதாயம் சுருங்குவது இதனால்தான்.

மானியங்கள்

லாரியை விட்டுவிட்டுக் கொள்கலனையோ டிரெய்லரையோ மட்டும் ரயிலில் அனுப்பும் இணைப்புப் போக்குவரத்துக்கு அரசு இயக்க மானியம் தருகிறது. இத்தாலியின் புஸ்தோ அர்சிசியோவில் உள்ள பெரிய முனையம் போன்றவற்றைக் கட்டவும் உதவியிருக்கிறது. சுரங்கங்கள் முடிந்ததும் இயக்க மானியம் தேவைப்படாது என்பதே முதல் எண்ணம். முடிக்க வேண்டிய ஆண்டு பலமுறை தள்ளிப்போய், இப்போது 2030 எனக் குறிக்கப்பட்டுள்ளது.

ஓட்டுநரோடு முழு லாரியையும் ரயிலில் ஏற்றும் 'உருளும் நெடுஞ்சாலை' ஜெர்மனியின் பிரைபூர்குக்கும் இத்தாலியின் நோவாராவுக்கும் இடையே ஓடியது. கண்ணுக்கு இது மிகக் கவர்ச்சியான தீர்வு. ஆனால் லாரியின் எஞ்சினையும் அறையையும் சக்கரங்களையும் சேர்த்துச் சுமப்பது வீண் பாரம். தாழ்வான தட்டுக்காகப் பொருத்தப்பட்ட சிறு சக்கரங்களின் பராமரிப்பும் செலவு மிக்கது. 2028 வரை மானியம் உறுதி செய்யப்பட்டிருந்தும் சேவை 2025 முடிவிலேயே நிறுத்தப்பட்டது.

இலக்கும் நடப்பும்

சட்டம் வகுத்த இலக்கு ஆண்டுக்கு 6,50,000 லாரிகள். கோத்தார்டு திறந்து இரண்டு ஆண்டுகளுக்குள், அதாவது 2018க்குள், இதை எட்ட வேண்டும். அந்த ஆண்டு கடந்தவை சுமார் 9.4 லட்சம். 2020, 2021 ஆண்டுகளில் 8.6 லட்சம் வரை இறங்கியது. பிறகு மீண்டும் ஏறி 2023இல் 9.16 லட்சத்தைத் தொட்டது. இலக்கு ஒருமுறைகூட எட்டப்படவில்லை.

இந்த எண்களைப் படிப்பதில் எச்சரிக்கை வேண்டும். 2000க்குப் பிறகு ஏற்பட்ட குறைவில் ஒரு பகுதி ரயிலால் வந்ததன்று. 28 டன் லாரிக்குப் பதில் 40 டன் லாரி வந்ததால், அதே சரக்குக்குக் குறைந்த நடைகள் போதுமாயின. மறுபுறம், ஆஸ்திரியாவின் பிரென்னர் கணவாய் ஒன்றை மட்டும் ஆண்டுக்கு 24 லட்சத்துக்கு மேற்பட்ட லாரிகள் கடக்கின்றன. அங்கே சரக்கின் பெரும்பங்கு சாலையில் செல்கிறது. சுவிட்சர்லாந்தில் 2021இல் ரயிலின் பங்கு 74 விழுக்காட்டை நெருங்கியது.

தடைகள் பெரும்பாலும் எல்லைக்கு வெளியே உள்ளன. ரைன் பள்ளத்தாக்குப் பாதையை நான்கு வழியாக்க ஜெர்மனி 1996இல் உடன்பட்டது; அந்த வேலை இன்னும் முடியவில்லை. அதே வேலையின் ஒரு பகுதியாக ரஷ்டாட் என்னும் ஊரில் சுரங்கம் தோண்டும்போது 2017 ஆகஸ்ட் 12 அன்று மேலிருந்த தண்டவாளம் தாழ்ந்தது. ஐரோப்பாவின் முதன்மைச் சரக்குத்தடம் ஏழு வாரங்கள் மூடிக் கிடந்தது. போதிய மாற்றுவழி இல்லாததால் சரக்கு மீண்டும் சாலைக்குப் போனது. 2023 ஆகஸ்ட் 10 அன்று கோத்தார்டு அடிவாரச் சுரங்கத்தினுள்ளேயே ஒரு சரக்கு ரயில் சக்கரம் உடைந்து தடம் புரண்டது. சேதம் சுமார் 15 கோடி பிராங்க். சுரங்கம் முழுமையாகத் திறக்க 2024 செப்டம்பர் ஆனது. ரயிலின் வேகத்தைவிட, சொன்ன நேரத்துக்கு வருமா என்பதையே சரக்கு அனுப்புவோர் பார்க்கிறார்கள். அதனால் இத்தகைய நிகழ்வுகள் மானியங்கள் ஈட்டிய நம்பிக்கையைக் கரைக்கின்றன.

உள்நாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒன்றிரண்டு பெட்டிகளை ஆங்காங்கே எடுத்து ஒரு ரயிலாகக் கோக்கும் சேவை நட்டத்தில் ஓடுகிறது. ஐரோப்பாவில் இன்னும் தொழிலாளி ஒருவர் இரு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து, கனமான கொக்கியைத் தூக்கி மாட்டி, திருகி இறுக்கியே பெட்டிகளை இணைக்கிறார். வட அமெரிக்காவும் இந்தியாவும் தானியங்கி இணைப்புக்கு மாறி நெடுங்காலம் ஆகிவிட்டது. இந்தச் சேவையைக் காக்க நான்கு ஆண்டுகளுக்கு 26 கோடி பிராங்கும், பெட்டிகளில் தானியங்கி இணைப்பைப் பொருத்த 18 கோடி பிராங்கும் வழங்க 2025இல் சுவிஸ் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது.