ஆறாம் வகுப்பில் அம்மாவின் குரல்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் குழந்தை டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். அங்கே ஆறாம் வகுப்பு கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகள், 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும் 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. தாளில் பார்த்தால் வித்தியாசம் 2 கிலோமீட்டர்தான். ஆனால் அதுவரை நடந்து போன குழந்தை இனி பஸ் பிடிக்கிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரை படிப்பவர்களுக்கென்று வகுக்கப்பட்டது. பள்ளியில் உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டுப் பழகிய குழந்தை, ஆறாம் வகுப்பில் முன்பைவிடச் சீக்கிரம் கிளம்பவும் வேண்டும், வீட்டிலேயே சாப்பிட்டுவிடவும் வேண்டும்.

பள்ளிக்குள் நுழைந்தால் இன்னும் இருக்கிறது. ஐந்து பாடத்தையும் ஒரே டீச்சர் எடுத்தது போய், பாடத்துக்கு ஒருவர் வருகிறார். கணக்கில் எண்ணுக்குப் பதில் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கே பெரிய ஆள். பிரேயரில் உறுதிமொழி சொன்னதும் சின்ன வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியதும் இவர்கள்தான். ஜூனில் மேல்நிலைப் பள்ளி வாசலில் போய் நின்றால், மீசை முளைத்த பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்கள் குனிந்து பார்க்கிறார்கள். மெட்ரிக் பள்ளியில் ஒரே வளாகத்தில் தொடர்ந்து படிப்பவர்களுக்கும் பிளாக் மாறும், டைம்டேபிள் மாறும், கூட உட்கார்ந்த தோழி வேறு செக்‌ஷனுக்குப் போய்விடுவாள்.

பதினொரு வயதில் குழந்தைகள் சுணங்குவதும் சிடுசிடுப்பதும் இந்த மாற்றத்தாலா, அந்த வயதே அப்படியா? இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் பிரித்துப் பார்ப்பது கடினம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அதற்கு ஒரு வழி கிடைத்தது. அங்கே சில பள்ளிகள் எட்டாம் வகுப்புவரை இருந்தன. சிலவற்றில் ஆறோடு முடித்து ஏழாம் வகுப்புக்கு வேறு பள்ளி போக வேண்டும். சமூகவியலாளர்கள் ராபர்ட்டா சிம்மன்ஸும் டேல் பிளைத்தும் இரு வகைக் குழந்தைகளையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1987இல் புத்தகமாக வெளியிட்டார்கள். பள்ளி மாறிய பெண் குழந்தைகளிடம் தன்மதிப்பு சரிந்திருந்தது. அதே வயதில் பழைய பள்ளியிலேயே இருந்த பெண்களிடம் அந்தச் சரிவு இல்லை. பின்னாளில் நியூயார்க் நகரப் பள்ளிகளின் மதிப்பெண்களை ஆராய்ந்த ஜோனா ராக்காஃப், பெஞ்சமின் லாக்வுட் ஆகியோரும் 2010இல் இதையொத்த முடிவுக்கே வந்தார்கள்: நடுநிலைப் பள்ளிக்கு மாறும் ஆண்டிலேயே கணக்கும் ஆங்கிலமும் இறங்குகின்றன.

நம் ஊரிலும் 1 முதல் 8 வரை ஒரே இடத்தில் படிக்கும் நடுநிலைப் பள்ளிகள் உண்டு. இதைப் படித்துவிட்டு அதைத் தேடி ஓட வேண்டாம். அமெரிக்க முடிவுகள் அப்படியே இங்கே பொருந்தும் என்று யாரும் காட்டிவிடவில்லை. (பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் வைக்க வேறொரு விஷயம் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கணக்கில் எடுப்பது 6 முதல் 12 வரையான படிப்பைத்தான். ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு ஏழு வருடம் கழித்து வந்து கதவைத் தட்டும்.)

சிம்மன்ஸ் கண்ட இன்னொன்று நம் வீடுகளுக்கு நேரடியாகப் பயன்படும். ஒரு மாற்றத்தைக் குழந்தைகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறார்கள். பள்ளி மாற்றம், பருவமடைதல், வீடு மாறுவது, குடும்பத்தில் பிரிவு எனப் பல ஒரே வருடத்தில் குவியும்போதுதான் உடைகிறார்கள். பழகிய இடம் ஒன்றாவது மிச்சம் இருக்க வேண்டும் என்றார் அவர். நாம் செய்வது நேர்மாறு. புதுப் பள்ளிதானே, கூடவே தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கும் மாற்றிவிடலாம், டியூஷனையும் புதிதாக வைக்கலாம், பாட்டி வீட்டை விட்டு டவுனுக்குக் குடிவரலாம் என்று எல்லாவற்றையும் அந்த ஜூனிலேயே ஏற்றிவிடுகிறோம். ஆங்கில வழி வேண்டுமென்றால் எடுங்கள். அந்த வருடம் பழைய கபடிக் குழுவையோ, சாயங்காலம் கூட விளையாடும் தெருப் பிள்ளைகளையோ விட்டுவைத்துவிடுங்கள். விளையாட்டு நேரத்தைத் தின்றுவிட்டு வரும் டியூஷன் முதல் பருவம் முடியும்வரை காத்திருக்கலாம்.

இனி உடம்பின் பக்கம். பெண் குழந்தைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றம் தொடங்குவது இயல்பு. ஆகவே ஓர் ஆறாம் வகுப்பில் முழுக் குழந்தையும் பாதி குமரியும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். பெண் பிள்ளையின் பையில் ஒரு நாப்கினும் மாற்று உள்ளாடையும் முதல் வாரத்திலிருந்தே இருக்கட்டும். கூடவே, புதுப் பள்ளியில் கழிப்பறை எங்கே, யாரிடம் கேட்டுப் போவது என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

மூளையும் இதே நேரத்தில்தான் வேலையில் இருக்கிறது. ஜே கீட் என்ற மனநல மருத்துவரின் குழு குழந்தைகளை எம்.ஆர்.ஐ. கருவியில் மீண்டும் மீண்டும் படமெடுத்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையின் சாம்பல்நிறப் பகுதி பெண்களுக்கு ஏறத்தாழ 11 வயதிலும் ஆண்களுக்கு 12 வயதிலும் உச்சம் தொட்டுப் பிறகு மெலியத் தொடங்குவது தெரிந்தது. மெலிவது என்றால் தேய்வு என்று பொருளில்லை. பயன்படாத இணைப்புகள் கழிந்து, பயன்படுபவை உறுதியாகின்றன. இந்த வேலை இருபதுகள்வரை நீள்கிறது. திட்டமிடுவது, நினைவில் வைத்து வரிசையாகச் செய்வது எல்லாம் இந்தப் பகுதியின் பொறுப்பு. அறிவியல் ஆசிரியர் கேட்ட சார்ட்டையும் கணக்கு ஆசிரியர் கேட்ட ஜியாமெட்ரி பாக்ஸையும் சேர்த்து நினைவில் வைக்கச் சொல்லும் வயதில், அதைச் செய்யும் இடமே கட்டுமானத்தில் இருக்கிறது. மறந்துவிட்டு வருவதைப் பொறுப்பின்மை என்று திட்டுவதைவிட, டைம்டேபிளை எழுதிச் சுவரில் ஒட்டி, இரவிலேயே பையை அடுக்கும் பழக்கத்தை ஏற்படுத்தலாம். அடுக்குவது குழந்தையாக இருக்க வேண்டும். அம்மா அடுக்கினால் பழகப்போவது அம்மாவின் மூளைதான்.

தூக்கத்திலும் ஒரு சிக்கல். மேரி கார்ஸ்கடன் 1993இல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். ஒரே வகுப்பில் படித்தாலும் பருவ வளர்ச்சியில் முன்னே இருந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், இரவில் தாமதமாகத் தூங்கவே விரும்பினார்கள். உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. 12 வயதுவரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. ஏழேகால் பஸ்ஸைப் பிடிக்க ஆறுக்கு எழுந்தால், ஒன்பதுக்குப் படுத்திருக்க வேண்டும். ஒன்பதுக்குத்தான் பல வீடுகளில் ஹோம் ஒர்க்கே தொடங்குகிறது, டி.வி. சத்தத்துக்கு நடுவே.

ஹோம் ஒர்க் என்றதும் பெற்றோர்களுக்கு வரும் கவலை பெரிது. நான் அஞ்சாவதோடு நின்றவள், ஆறாவது கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுப்பேன் என்பார்கள். நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் இந்த வயதுக் குழந்தைகளின் பெற்றோரைப் பற்றிய 50 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2009இல் எழுதியது, அவர்கள் நிம்மதியாகப் படிக்க வேண்டிய ஒன்று. பெற்றோர் வீட்டுப்பாடத்தில் உதவுவதற்கும் நல்ல மதிப்பெண்ணுக்கும் தொடர்பு நிலையாக இல்லை. சில இடங்களில் எதிர்மறையாகவும் இருந்தது. (தடுமாறும் குழந்தைக்குத்தான் அதிகம் உதவுகிறார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.) எல்லாவற்றிலும் வலுவான தொடர்பு வேறொன்றுக்கு இருந்தது: படிப்பு எதற்கு, நீ படிப்பது எங்கெல்லாம் பயன்படுகிறது, என்ன ஆக ஆசை, அதற்கு என்ன செய்யலாம் என்று வீட்டில் பேசுவது. விகிதக் கணக்கு தெரியாத அம்மாவால் அரிசிக்கும் உளுந்துக்கும் உள்ள அளவைப் பற்றி மகளிடம் பேச முடியும். மகள் அதைக் கணக்கு நோட்டில் கண்டுபிடித்துக்கொள்வாள்.

பேச்சு என்ன செய்கிறது என்பதை இரத்தத்திலும் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லெஸ்லி செல்ட்சர் 2010இல், 7 முதல் 12 வயதுள்ள 61 பெண் குழந்தைகளை அறிமுகமில்லாதவர்கள் முன் நிறுத்திப் பேசவும் கணக்குப் போடவும் வைத்தார். பிறகு சிலருக்கு அம்மா வந்து அணைத்துக்கொண்டார், சிலருக்கு அம்மா போனில் பேசினார், சிலர் படம் பார்த்தார்கள். அணைப்பு கிடைத்தவர்களுக்கும் குரல் மட்டுமே கேட்டவர்களுக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ஏறக்குறைய ஒரே அளவில் கூடியது, பதற்றம் தணிந்தது. 2012இல் நடந்த அடுத்த ஆய்வில் குறுஞ்செய்தி மட்டும் வந்த குழந்தைகளுக்கு அந்தப் பலன் இல்லை. அப்பாக்களின் குரலை ஏன் சோதிக்கவில்லை என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான்.

ஆனால் இந்தக் குரலுக்கும் காலக்கெடு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் டேனியல் ஆப்ராம்ஸும் வினோத் மேனனும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், பொருளே இல்லாத சொற்களை அம்மா குரலிலும் அந்நியப் பெண்களின் குரலிலும் பிள்ளைகளுக்குக் கேட்கவைத்து மூளையைப் படமெடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளின் மூளையில் இன்பத்தைக் கையாளும் பகுதிகள் அம்மா குரலுக்குக் கூடுதலாக விழித்தன. 13 வயதையொட்டி நிலைமை தலைகீழாகிறது. புதிய குரல்களுக்கே அதிக வரவேற்பு. வீட்டுக்கு வெளியே வாழப் பழகும் உயிருக்கு அது தேவைதான். ஆறாம் வகுப்புக் குழந்தை அந்தத் திருப்பத்துக்கு ஏறத்தாழ இரண்டு வருடம் இந்தப் பக்கம் நிற்கிறது. மிச்சமிருக்கும் அந்த இரண்டு வருடத்தை, கதவைத் திறந்ததும் “டெஸ்ட்ல எத்தன மார்க்?” என்று கேட்டே நாம் செலவழித்துவிடுகிறோம். “இன்னைக்கு யார்கூட உக்காந்து சாப்பிட்ட?” என்று கேட்டால் மார்க்கும் தானாக வெளியே வரும். பதில் வராவிட்டால் அரை மணி நேரம் சும்மா இருங்கள். பாத்திரம் கழுவும்போதோ வண்டியில் போகும்போதோ முகம் பார்க்காமல் சொல்வார்கள்.

திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வந்தால், நடிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வலி உண்மையாகவே இருக்கும். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் வகுப்பாசிரியரைப் பாருங்கள், குழந்தையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தெரியாமல் போனால் அடுத்த முறை உங்களிடம் எதுவும் வராது.

ஜெஃப்ரி போர்மனின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வோடு நிறுத்திக்கொள்கிறேன். விஸ்கான்சினில் 11 பள்ளிகளின் 1,304 ஆறாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு, முந்தைய ஆண்டு மாணவர்கள் சொன்னவற்றைப் படிக்கக் கொடுத்தார்கள்: எங்களுக்கும் பயமாக இருந்தது, எல்லாருக்கும் அப்படித்தான், கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது, டீச்சரிடம் கேட்டால் உதவுவார். பிறகு அதைப் பற்றிச் சில வரி எழுதச் சொன்னார்கள். ஆண்டில் இரண்டே முறை, சில நிமிட வேலை. பாடங்களில் தோற்பது 18 விழுக்காடும், பள்ளிக்கு வராமலிருப்பது 12 விழுக்காடும், ஒழுங்கு நடவடிக்கைகள் 34 விழுக்காடும் குறைந்தன.

அதே வார்த்தைகளை நாம் சொன்னால் அறிவுரையாகிவிடும். பக்கத்துத் தெருவில் ஏழாம் வகுப்பு படிக்கும் அக்காவோ அண்ணனோ கட்டாயம் இருப்பார்கள். மே மாதம் முடிவதற்குள் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டு, முறுக்குத் தட்டை வைத்துவிட்டு, பேச்சு கேட்காத தூரத்துக்கு நாம் போய்விடலாம்.