அப்பாவின் கரும்பலகையிலிருந்து கலாபகோஸ் தீவுகளுக்கு!

அப்பா விலங்கியல் ஆசிரியர். வேலூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 வருடங்கள் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பரிணாமம் நடத்தியவர். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் ஃபின்ச் குருவிகளின் அலகுகளை வரைவார். விதை உடைக்கத் தடித்த அலகு, பூச்சி பிடிக்க மெல்லிய அலகு, கள்ளிப் பூவுக்குள் நுழைய நீண்ட அலகு. ஒரு குருவியைக்கூட நேரில் பார்த்ததில்லை.

இப்போது அவருக்கு 67 வயது. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருந்தவர், போன தீபாவளிக்கு மெதுவாகக் கேட்டார். "கலாபகோஸ் போயிட்டு வந்துடலாமாம்மா? முழங்கால் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்."

"பக்கத்துல இருக்கற திருப்பதிக்கு நடந்து ஏற மாட்டேங்கறார், பசிபிக் கடலுக்குப் போறாராம்" என்றார் அம்மா. ஆனால், மறுநாளே பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வைத்ததும் அவர்தான்.

தென் அமெரிக்காவின் எக்வடார் நாட்டுக் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது இந்தத் தீவுக்கூட்டம். நிலப்பரப்பில் 97 சதவிகிதம் தேசியப் பூங்கா. நாமாக எங்கும் இறங்கிச் சுற்ற முடியாது. பூங்காவில் பதிவுபெற்ற வழிகாட்டி கூடவே வருவார்; ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் 16 பேர். விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கப்பல் என்றதும் நீச்சல் குளம், நடன அரங்கு என்று நினைக்காதீர்கள். நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பலுக்கு இங்கே அனுமதியே இல்லை. 16 பேர் தங்கும் சிறு கப்பல்கள்தான் நிறைய.

நான் செய்த முதல் தவறு, கப்பலைத் தேடியதுதான். அழகான அறை, பால்கனி, சாப்பாட்டுப் படங்கள் என்று ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாதான், "எந்தத் தீவுக்குப் போகுதுன்னு பாத்தியா?" என்று கேட்டார்.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. பொதுவாக, ஒரு கப்பல் ஓரிடத்தில் பயணிகளை இறக்கினால் அடுத்த 14 நாட்களுக்குள் அதே இடத்துக்குத் திரும்பி வரக் கூடாது. அதனால் ஒரு வாரப் பயணத்தில் எல்லாத் தீவுகளையும் பார்க்க முடியாது. மேற்குப் பக்கம் போனால் இசபெலா, ஃபெர்னாண்டினா தீவுகள். பறக்கவே முடியாத நீர்க்காகங்கள் உலகத்திலேயே அங்கு மட்டும்தான். தென்கிழக்கே போனால் எஸ்பன்யோலா. இரண்டு மீட்டருக்கு மேல் சிறகு விரிக்கும் அலைச்சிறகு அல்பட்ராஸ் பறவைகள் ஏறக்குறைய மொத்தமும் கூடு வைப்பது அந்த ஒரே தீவில்.

அப்பாவுக்கு அல்பட்ராஸ் வேண்டும். எனக்குப் பெங்குவின். அம்மாவுக்கு ராட்சத ஆமை. ஆமைக்குக் கவலையில்லை, சாண்டா குரூஸ் தீவின் மலைப்பக்கத்தில் பார்க்கலாம், பெரும்பாலான பயணங்களில் அந்தத் தீவு உண்டு. பெங்குவின் அதிகம் இருப்பது மேற்கில்தான். ஆனால், பார்த்தலோமே என்ற குட்டித் தீவின் கரையிலும் சில உண்டு. எஸ்பன்யோலா, பார்த்தலோமே இரண்டையும் தொடும் பயணத்தைத் தேடிப் பிடித்தோம். நீர்க்காகத்தை மட்டும் விட்டுக்கொடுத்தோம். ஃபின்ச் குருவியா? அது எல்லாத் தீவிலும் காலடியில் தத்தித் திரியுமாம்.

அடுத்தது மாதம். அப்பாவுக்கு டிசம்பர் கடைசி என்று ஆசை; பள்ளி விடுமுறைப் பழக்கம் போகவில்லை! ஆனால், ஜனவரி முதல் மார்ச் வரை அல்பட்ராஸ் கடலுக்குப் போய்விடும். டிசம்பர் கடைசியிலேயே பெரும்பாலும் கிளம்பிவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை பறவைகள் இருக்கும், ஆனால் குளிர்ந்த நீரோட்டத்தால் கடல் கொந்தளிப்பு அதிகம். அம்மாவுக்கு ஏலகிரி பஸ்ஸிலேயே வாந்தி வரும். பறவைகள் வந்துவிட்ட, கடல் இன்னும் அடங்கியிருக்கிற மே மாதத்தை எடுத்தோம். 1835 செப்டம்பரில் இங்கே வந்த டார்வினுக்கும் கடல் பயணம் முழுக்கக் குமட்டல்தானாம். அம்மாவுக்கு அதில் ஒரு ஆறுதல்.

கப்பலே வேண்டாம், ஊரில் விடுதி எடுத்துத் தங்கி பகலில் படகில் போய் வரலாம் என்றும் ஒரு வழி உண்டு. செலவு நன்றாகக் குறையும். எஸ்பன்யோலாவுக்கும் சான் கிறிஸ்டோபல் தீவிலிருந்து ஒருநாள் படகு இருக்கிறது. இளவயதுக்காரர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால், வேகப்படகில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று குலுங்குவதை அப்பாவின் முதுகு தாங்காது. கப்பல் இரவில் நகரும். விழிக்கும்போது அடுத்த தீவு. அறை மட்டும் கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் குறைவு.

நாங்கள் கிட்டத்தட்டத் தவறவிட்டது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கலாபகோஸில் அந்தக் காய்ச்சல் இல்லை. ஆனால் எக்வடார், மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து திரும்பும்போது சான்றிதழ் இல்லாவிட்டால், நம் நாட்டு விமான நிலையத்தில் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். போட்டு 10 நாட்கள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 60 வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பதால், டாக்டர் சம்மதம் அவசியம். அதற்குள் நான் கப்பலுக்கு முன்பணம் கட்டத் தயாராக இருந்தேன்! நிறுத்திவிட்டு, அப்பாவையும் அம்மாவையும் குடும்ப டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனை, மருந்துச்சீட்டுகள் எல்லாம் பார்த்து அவர் சரி என்ற பிறகுதான் சென்னைக்கு ரயில் ஏறி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மூவரும் போட்டுக்கொண்டோம். எக்வடார் விசா, நடுவில் விமானம் மாறும் நாட்டின் விசா, இந்த ஊசி மூன்றும் முடிவாகாமல் திருப்பித் தராத பணம் எதையும் கட்டாதீர்கள். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறவே விசா வேண்டும்.

தீவுக்கு விமானம் கீட்டோ, குவாயாகில் என்ற இரண்டு நகரங்களிலிருந்து கிளம்புகிறது. கீட்டோ 2,850 மீட்டர் உயரம். வயதானவர்களுக்கு மூச்சு வாங்கும். நாங்கள் கடல் மட்டத்தில் இருக்கும் குவாயாகிலைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுகிறோம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

கப்பல் கட்டணம் நடுத்தர வகையிலேயே ஆளுக்குச் சில ஆயிரம் டாலர்கள். அதுபோக வெளிநாட்டுப் பெரியவர்களுக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 200 டாலர்; 2024 ஆகஸ்டில்தான் நூறிலிருந்து இரட்டிப்பாக்கினார்கள். பயண அட்டைக்கு 20 டாலர். ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எக்வடாரில் அமெரிக்க டாலர்தான் புழக்கம்.

விமானம் ஏறுமுன் பைகளைச் சோதிப்பார்கள். பழம், செடி, விதை எதுவும் தீவுக்குள் போகக் கூடாது. "கடுகும் விதைதானே?" என்று கேட்டுவிட்டு, அம்மா அஞ்சறைப் பெட்டியைத் தானாகவே திரும்ப உள்ளே வைத்துவிட்டார். சைவச் சாப்பாடு வேண்டும் என்று கப்பல்காரர்களுக்கு முன்கூட்டியே எழுதியாயிற்று.

இனி பாக்கி இருப்பது கால்கள்தான். கப்பலிலிருந்து ரப்பர் படகில் ஏறி, சில இடங்களில் முழங்கால் தண்ணீரிலும், சில இடங்களில் வழுக்கும் பாறையிலும் கால் வைத்து இறங்க வேண்டும். எஸ்பன்யோலாவில் அல்பட்ராஸ் இருக்கும் இடத்துக்கு உருண்டைக் கற்கள் மேலேயே நடை. வேலூரில் பாறைக்குப் பஞ்சமா? தினமும் காலை ஆறு மணிக்கு அப்பா கைத்தடியோடு ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றுக்குக் கிளம்பிவிடுகிறார். முதல் வாரம் பத்து நிமிடத்தில் உட்கார்ந்தவர், இப்போது நாற்பது நிமிடம் நடக்கிறார். நேற்று முதல் அம்மாவும் கூடப் போகிறார், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு.