மூச்சுக் குழாயைத் திறக்கும் மருந்து

தொய்வு வருத்தம் எமக்குப் புதியதல்ல. 2006ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாக் கரையிலுள்ள சம்பூரை விட்டு வெளியேறிய விவசாயக் குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் தற்காலிகக் கொட்டில்களில் பல ஆண்டுகள் வாழ்ந்தன. விறகுப் புகை, மாரிகால ஈரம், சூடடிக்கும் காலத்து வைக்கோல் தூசி ஆகிய யாவும் தொய்வைக் கிளப்பக் கூடியவை. தொய்வுக்காரரின் கையிலிருக்கும் நீல நிறப் பம்பு என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதை நாம் அறிந்திருப்பது அவசியம்.

மூச்சுக் குழாய்களைச் சுற்றி மெல்லிய தசை வளையங்கள் உள்ளன. கை தசையைப் போல இவற்றை நாம் நினைத்தபடி அசைக்க முடியாது. புகையோ தூசியோ பட்டதும் தொய்வுக்காரரின் தசை இறுகுகிறது. கயிற்றை இழுத்துக் கட்டிய சாக்கின் வாய் போலக் குழாய் ஒடுங்குகிறது. மூச்சை வெளியே விடுவது கடினமாகி, நெஞ்சு இழுக்கிறது.

நாம் பயந்து ஓடும்போது உடலில் அட்ரினலின் சுரந்து மூச்சுக் குழாயை விரிக்கும். 1969இல் பாவனைக்கு வந்த சல்பியூட்டமோல் அதனைப் போல அமைக்கப்பட்ட மருந்து. தசைக் கலத்திலுள்ள பீற்றா-2 என்னும் வாங்கியில், பூட்டில் திறப்புப் போல இது பொருந்துகிறது. உடனே தசையை இறுக்கும் கல்சியம் கலத்தினுள் குறைகிறது; தசை தளர்கிறது. சில நிமிடங்களில் மூச்சு இலகுவாகும். பலன் 4 முதல் 6 மணி நேரம் வரை நிற்கும். கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் ஏற்படலாம். குளிசையாக விழுங்கினால் பலன் தாமதமாகும், நடுக்கமும் கூடும்.

ஆனால் குழாயின் உட்சுவரிலுள்ள வீக்கத்தை இம்மருந்து ஆற்றாது. அதற்கு வைத்தியர் தரும் ஸ்ரீரொயிட் பம்பைச் சுகமாக உள்ள நாட்களிலும் அவர் சொன்னபடி பாவிக்க வேண்டும். நீலப் பம்பு கிழமையில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை; கிளினிக்கில் காட்டுங்கள். பம்பு அடித்தும் இழுப்பு நிற்காவிட்டால், பேச மூச்சுப் போதாவிட்டால், உதடு நீலம் பாரித்தால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சிறுவர்களுக்குப் பம்பை நேராக வாயில் அடித்தால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் படிந்துவிடும். 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் துளையிட்டு, பம்பின் வாயை இடைவெளியின்றிப் பொருத்தி, போத்தல் வாயால் மூச்செடுக்கச் செய்தால் கடையில் வாங்கும் கருவிக்கு நிகரான பலன் கிடைக்கும் என 1999இல் வெளியான, தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் நடந்த ஆய்வு காட்டியது. போத்தலைப் பொருத்தும் முறையைத் தாதியிடம் கேட்டறியுங்கள்.

இடம்பெயர நேர்ந்தால் அடையாள அட்டையுடன் பம்பையும் கிளினிக் கொப்பியையும் சேர்த்துக் கட்டுங்கள்.