போட்டுக்கு சாட் பிளாட்டர் வாங்கப் போறீங்களா? ஸ்கிரீன் சைஸை அப்புறம் பாருங்க!

அலங்காநல்லூரில் இருக்கும் நண்பனுக்கு பாம்பனில் இருந்து போன். அவன் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். "மாப்ள, வள்ளத்துக்கு ஒரு சாட் பிளாட்டர் வாங்கணும். ஆன்லைன்ல நல்லதா பார்த்துச் சொல்லு" என்றாராம் மச்சான். வாடிவாசல் பக்கத்துல வளர்ந்தவனுக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்? 9 இன்ச் டச் ஸ்கிரீன் ஒன்றை கார்ட்டில் போட்டுவிட்டான். நல்லவேளை, பணம் கட்டும் முன் என்னைக் கேட்டான்.

உங்களுக்கும் கடற்கரை ஊர்ல சொந்தம் இருந்தா, இப்படி ஒரு போன் வரலாம்.

கடல் வரைபடத்தின் மேல் உங்கள் படகு எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவிதான் சாட் பிளாட்டர். 'அதான் செல்போன் இருக்கே?' என்று தோன்றும். டவர் இல்லாத இடத்திலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும், உண்மைதான். ஆனா, நாம தினமும் பார்க்கிற மேப்பில் கடல் வெறும் நீலம். ஆழம், மணல் திட்டு எதுவும் தெரியாது. ஈரக் கையோடு தொட்டால் ஸ்கிரீன் சொன்னபடி கேட்காது. அதே காரணத்துக்காகத்தான் பிளாட்டரிலும் பட்டன் வைத்த மாடலை வாங்கச் சொல்கிறேன். உச்சி வெயிலில் படிக்கிற வெளிச்சமும், ஐபிஎக்ஸ்7 அளவுக்குத் தண்ணீர் தாங்கும் தன்மையும் இருந்தால், சின்ன வள்ளத்துக்கு 5 இன்ச்சே போதும்.

பாம்பன்காரருக்கு இதையெல்லாம்விட முக்கியமான விஷயம், எல்லைக்கோடு. 1974 ஒப்பந்தப்படி பாக் நீரிணையில் போடப்பட்ட கோடு, கச்சத்தீவுக்கு மேற்கே சுமார் ஒரு கடல் மைல் தள்ளிப் போகிறது. தாண்டினால் கைது, படகு பறிமுதல். மீன் அந்தப் பக்கம்தான் என்று தெரிஞ்சே தாண்டுபவர்களுக்கு எந்தக் கருவியும் உதவாது. ராத்திரியில் வலையோடு நீரோட்டத்தில் இழுபட்டுப் போகிறவருக்கு உதவும்.

அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'பாக் நீரிணைக்கு விரிவான சாட் இருக்கா?' பல கருவிகளில் கூடவே வருவது கரையோரத்தை மட்டும் காட்டும் அடிப்படை மேப். விரிவான சாட் கார்டுக்குத் தனி விலை. பாம்பன், ராமர் பாலம் பக்கம் ஜூம் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. ஆழ எண்கள் வரலைன்னா, விலை எவ்வளவு குறைச்சலா இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது அலாரம். எல்லைக்கோட்டில் 2 கடல் மைலுக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றி 2 மைல் வட்டத்துக்கு அலாரம் போடலாம். 6 நாட் வேகத்தில் ஒரு கடல் மைல் போக 10 நிமிஷம் ஆகும். ஆக, திரும்ப அவகாசம் கிடைக்கும். புள்ளிகளை மீன்வளத்துறை அலுவலகத்தில் சரிபார்த்துப் போடுங்க. இங்கேதான் பலர் சறுக்குவாங்க: 9 டிகிரி 30 நிமிடம் என்பது 9.30 அல்ல, 9.5. மாத்திப் போட்டால் கோடு 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கி.மீ தெற்கே நகர்ந்துவிடும்!

மீன் தேடும் சோனாரும் சேர்ந்த மாடல்களுக்கு விலை அதிகம். பாக் நீரிணை பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான், மச்சான் பாஷையில் எட்டு பாகம். ஆழ்கடலுக்கான பெரிய டிரான்ஸ்டியூசருக்குக் காசு கொட்டாதீங்க. அந்தக் காசில் கருவிக்கென்று தனி 12 வோல்ட் பேட்டரியும் ஃபியூஸும் வாங்கலாம். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் இன்ஜின்கள் பலவற்றில் சார்ஜ் ஏற்றும் வசதி கிடையாது.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா சாட்டிலைட் மெசஞ்சர் அனுப்புறேன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க. அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். அதற்குப் பதிலா, இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை மீன்பிடிப் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கியது. எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும், ஆபத்தில் கரைக்குத் தகவலும் அனுப்பும். உங்க மச்சான் படகுக்குக் கிடைக்குமான்னு மீன்வளத்துறையில் கேட்டுட்டு பட்ஜெட் போடுங்க.

கடைசியா, பழைய கைக்கருவியைத் தூக்கிப் போடுமுன் அதிலிருக்கும் மார்க்குகளைப் புதுசுக்கு மாற்றி, மெமரி கார்டிலும் ஒரு காப்பி வைக்கச் சொல்லுங்க. அதில் பாதி, மச்சானோட அப்பா கோபுரத்தையும் தென்னையையும் நேர்கோட்டில் பார்த்துக் கண்டுபிடித்த பார்கள். அதை எந்தக் கம்பெனி சாட்டிலும் வாங்க முடியாது.