பாட்டுக்குள்ளே ஓர் அடுப்படி

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் கணக்குக்கு டியூஷன், சயின்ஸுக்கு டியூஷன் என்று தேடித் தேடிச் சேர்த்துவிடுகிறோம். தமிழுக்கு? "தாய்மொழிதானே, தானே வந்துவிடும்" என்று இருந்துவிடுகிறோம். பிள்ளைகளோ பாட்டைப் படிக்காமலே நோட்ஸில் உள்ள பொருளை உருப்போடுகிறார்கள். பாட்டு ஐந்து வரி, பொருள் பத்து வரி, இலக்கணக் குறிப்பு அதற்கு மேலே! மார்க் வராமல் இல்லை, வருகிறது. ஆனால் பரீட்சை முடிந்த மறுநாள் அந்தப் பாட்டில் என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள்.

நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். ஆனாலும், பிள்ளைகளுக்கு இலக்கியத்தை முதன் முதலில் காட்டிக் கொடுக்க அம்மாக்களுக்கு நன்றாகவே முடியும் என்பது என் கட்சி. சங்கப் பாட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் நம் வீட்டு சமாசாரம்தானே இருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் என் மகள், எதிர்வீட்டுப் பையன், மாடி வீட்டுப் பெண் மூவரும் எங்கள் கூடத்தில் உட்காருவார்கள். மாடி வீட்டுப் பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "பிளஸ் ஒன்ல நான் பிரெஞ்சு எடுக்கப் போறேன் அத்தை. எனக்குத் தமிழ் இந்த வருஷத்தோட முடிஞ்சுது." சரிம்மா, முடிகிற வரைக்கும் வா என்றேன்.

குறுந்தொகையை எடுத்துக்கொண்டேன். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள். பெரும்பாலும் நாலு அடியிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும். பிள்ளைகள் கொட்டாவி விடுவதற்குள் முடிய வேண்டாமா?

ஆரம்பித்தது 167-ஆம் பாட்டில். கூடலூர் கிழார் பாடியது. சந்தி பிரித்து, நிதானமாக இரண்டு தரம் வாய்விட்டு வாசித்தேன். புத்தகத்தை மூடிவிட்டு, "எந்த வார்த்தை புரிஞ்சுது?" என்றேன். "தயிர்" என்றான் பையன். "புகை" என்றாள் என் மகள். தயிரும் புகையும் இருக்கிற இடம் எது என்று கேட்டால் எந்தக் குழந்தைக்குத்தான் தெரியாது?

புதிதாகக் கல்யாணமான பெண். முற்றிய தயிரை விரலால் பிசைகிறாள். பிசைந்த கையைக் கட்டியிருக்கும் துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள், அதைத் துவைக்காமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். தாளிக்கிற புகை கண்ணில் படுகிறது. தானே துழாவிப் புளிப்பாக ஒரு குழம்பு செய்கிறாள். நம் மோர்க்குழம்புக்குப் பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கணவன் "நன்றாக இருக்கிறது" என்று சாப்பிடுகிறான். அவள் முகம் இலேசாக மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

"கையை ஏன் கழுவலை? அழுக்கு இல்லையா?" என்றான் பையன். என் மகள் விடவில்லை. "தாளிப்பு தீஞ்சு போயிடும்டா. அம்மாவும் அவசரத்துல முந்தானையிலதான் துடைப்பாங்க." (இதை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டுமா என்று முறைத்தேன்.) முகம் ஏன் இலேசாக மட்டும் மலர்ந்தது, வாய்விட்டுச் சிரித்தால் என்ன என்று கேட்டேன். அதற்கு அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். இந்தச் சண்டைதான் ரசனை. இதை எந்த நோட்ஸாலும் தர முடியாது.

கடைசியாக, "இதையெல்லாம் பார்த்தது யாரு, யார்கிட்ட சொல்றாங்க?" என்றேன். பெண்ணை வளர்த்த செவிலித்தாய் அவள் குடித்தனத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்வதாக அமைந்த பாட்டு அது. சொன்னதும் மாடி வீட்டுப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தப்போ எங்கம்மாவும் இப்படித்தான் அத்தை. அவ நல்லா இருக்காளான்னு அப்பா கேட்டாரு. அம்மா அவ சமையல்கட்டைப் பத்தியே சொல்லிட்டிருந்தாங்க. ஏன்னு இப்பத்தான் புரியுது" என்றாள்.

உரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாட்டு மனசில் விழுந்த பிறகு உரையைப் பார்த்தால் அதன் அருமை தெரியும். குறுந்தொகையில் 380 பாட்டுகளுக்குப் பேராசிரியரும் மீதி 20-க்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதினார்கள் என்று சொல்வார்கள். அந்த உரைகள் கிடைக்கவில்லை, பாட்டுகள் மட்டும் வந்து சேர்ந்தன. உ.வே.சாமிநாதையர் தாமே உரை எழுதி 1937-ல் பதிப்பித்தார். அந்த மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. அரசு நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

"எல்லாம் காதல் பாட்டாச்சே, பிள்ளைகளிடம் சொல்லலாமா?" என்று தயங்குகிற அம்மாக்கள் உண்டு. நாள் முழுக்க செல்போனில் கேட்கிற சினிமாப் பாட்டுக்கு இது எவ்வளவோ தேவலை என்றுதான் சொல்வேன். அப்படியும் கூச்சமாயிருந்தால் 41-ஆம் பாட்டை எடுங்கள். அவன் இருக்கும்போது விழாக் கொண்டாடும் ஊர் போல மகிழ்கிறவள், அவன் போனால், ஆட்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிற மாதிரி வெறிச்சென்று ஆகிறாள். பொங்கலுக்கு வந்த உறவெல்லாம் ஊருக்குப் போன மறுநாள் வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள், சின்னக் குழந்தைகூடச் சொல்லும். இந்தப் பாட்டை எழுதியவரின் சொந்தப் பெயர் தெரியவில்லை. அந்த அணிலை வைத்தே 'அணிலாடு முன்றிலார்' என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். குப்பைக் கோழியார், செம்புலப் பெயல்நீரார் எல்லாரும் இப்படிப் பெயர் பெற்றவர்கள்தான். பிள்ளைகளை ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொல்லி, அதிலிருந்தே பெயர் வைத்து விளையாடினோம். பையன் இப்போது 'ஓட்டைக் குடையார்'.

மாடி வீட்டுப் பெண் சொன்னபடியே பிரெஞ்சுதான் எடுத்தாள். மேற்படிப்புக்கு மார்க் வேண்டும் என்கிறபோது நான் என்ன சொல்ல? ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறாள். போன வாரம் அணில் பாட்டைத் தானே உரக்க வாசித்தாள். இரண்டு இடத்தில் சந்தி பிரிக்கத் தடுமாறினாள், ஓட்டைக் குடையார் எடுத்துக் கொடுத்தார்.